வட்டம் ஊர் மாறிய விதம்

சுற்றுப் பேருந்து ஓட்டுநர் ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து, அவர் ஏறி உட்கார்ந்த எந்த வண்டியும் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், நகரத்தை ஒரு சுற்று வந்து பணிமனைக்கு எதிரே இருந்த நிறுத்தத்தில் நின்றது. பேருந்து, ஆட்டோ, கல்யாண வேன், ஒருமுறை பிணவண்டி என்று எதற்கும் விலக்கில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் அவர் ஓட்டியது ஒரே தடம். பணிமனையில் கிளம்பி சந்தை, நீதிமன்றம், பெரிய ஆஸ்பத்திரி, பாலம் என்று வளைய வந்து மறுபடி பணிமனை. அதனால் கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் வட்டம். பிறகு வாடகை வீட்டின் சொந்தக்காரர் உட்பட எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. வண்டிகள் திரும்பி வருவதை நகரத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டின கை சும்மா இருக்குமா என்றார்கள். அவசர வேலை உள்ளவர்கள் மட்டும் அவர் ஏறிய வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார்கள்.

இனி இங்கேயே இருப்பதா, போவதா என்ற பேச்சு வந்தபோதுதான் சிக்கல் முற்றியது. அந்த நகரத்தில் ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு வாழ்வது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. வாடகை வருஷா வருஷம் ஏறியது. வீடோ நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வட்டத்தின் மனைவி பணிமனைக்கு எதிரே இருந்த தையல் ஆலையில் சட்டைப்பை தைத்தவர்; ஆயுசு முழுக்கப் பெடலை மிதித்ததில் முட்டி தேய்ந்துபோயிருந்தது. ஆலை கொடுத்த கடைசிப் பணத்தில் அவர் அரை நாள் பயணத் தூரத்திலிருந்த ஒரு சின்ன ஊரில் இரண்டு அறை வீடு வாங்கிப் போட்டிருந்தார். கதவைத் திறந்தால் காலடியில் மண் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. வட்டம் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே இழுத்தார். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டாமா என்று கேட்டுப் பார்த்தார். உண்மை வேறு. இந்த நகரத்தில் சிக்னல் போலீஸ்காரர் அவருக்குக் கையசைப்பார், டீக்கடைக்காரர் கேட்காமலே கிளாஸை நீட்டுவார். அந்தச் சின்ன ஊரில் அவர் யாரோ ஒரு கிழவர். அதற்குத்தான் அவர் பயந்தார். இருக்கவும் வழியில்லை, போகவும் மனமில்லை. மதில்மேல் பூனையாவது நினைத்த பக்கம் குதிக்கும்.

கடைசியில் வாடகை இன்னொரு படி ஏறியதும் ஒத்துக்கொண்டார். சாமான்களை லாரியில் ஏற்றி, ஓட்டுநர் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். அவரை அனுப்பிவைக்காமல் மனைவி ஒருநாளும் நகர்ந்ததில்லை. ஆலையில் மதிய மணி அடித்ததும் டிபன் டப்பாவோடு அந்த நிறுத்தத்துக்கு வந்து, பேருந்து வளைந்து வந்தவுடன் ஓட்டுநர் ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, வண்டி கிளம்பின பிறகே மெஷினுக்குத் திரும்புவார். அதே பழக்கத்தில், “நீங்க முதல்ல போய்ச் சேருங்க, நான் பின்னாலயே வரேன்” என்றார். லாரி சந்தை, நீதிமன்றம், ஆஸ்பத்திரி, பாலம் என்று சுற்றி, சாமான்களோடு திரும்பி வந்தது. ரயிலில் அனுப்பினார். தண்டவாளம் பாலத்துக்கு அப்பால், முன்பு வளைவே இல்லாத இடத்தில், இடப்பக்கம் வளைந்தது. பயணிகள் எழுதிக் கொடுத்த புகாரின் பேரில் ரயில்வேக்காரர்கள் இனி அவருக்கு டிக்கெட் தருவதில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். நடந்து பார்த்தார், கால்கள் செக்குமாடாகத் திரும்பின. ஒவ்வொரு முறையும் நிறுத்தத்தில் மனைவி டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். பணிமனை மண்தான் இழுக்கிறது என்றார் டைம்கீப்பர். எல்லோரும் நம்பினார்கள்.

சாமான்களை மறுபடி நாலு மாடி ஏற்றிய அன்று மனைவிக்குப் பொறுமை போனது.

“இத்தனை வருஷம் குண்டுச்சட்டியில குதிரை ஓட்டினது போதாதா?”

“நானா ஓட்டறேன்? வண்டி தானா திரும்புது, நீதான் பாத்தியே.”

“வண்டி திரும்பல, உங்க மனசு திரும்புது. என் முட்டி இந்தப் படியிலயே தேஞ்சு முடியணுமா? நான் போறேன். வந்தா வாங்க, வராட்டி இருங்க.”

தலையணையையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். அவர் போன பேருந்து எங்கும் திரும்பாமல் போனது. வட்டம் நாலாவது மாடி ஜன்னலில் நின்று பார்த்தார். ஜெயித்தவர் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தார், அழுகைதான் வந்தது.

ஒரு வாரம் கழித்து, ரத்த அழுத்த மாத்திரை வாங்கக் காலையில் பேருந்தில் ஏறினார். அது ஆஸ்பத்திரியில் நிற்கவில்லை, பாலத்தில் திரும்பவில்லை, சுங்கச்சாவடியைத் தாண்டி வயல்வெளிக்குள் போனது. அலுவலகம் போகிறவர்கள் கூச்சல் போட்டார்கள். ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு வேர்க்கடலை கொறித்தார், அவர் பிடித்தும் பயனில்லை என்பதால். உச்சிவெயிலில் ஒரு சின்ன ஊரின் கடைசி வீட்டு வாசலில் வண்டி நின்றது. மண்தரையில், வெறுங்காலோடு, மனைவி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவர் வருவார் என்று அவருக்குத் தெரியாது. மதியம் ஆனதும் டப்பாவை நிரப்பி வாசலுக்கு வந்துவிடுவது, அப்புறம் யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நிற்பது, வந்த நாளிலிருந்து அதுதான் அவர் செய்தது. பேருந்திலிருந்த எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் வட்டம் நகரத்துக்குக் கிளம்பினார். வீடு பூட்டிக் கிடக்கிறது, டீக்கடையில் தேடுவார்கள் என்று காரணம் சொன்னார். பேருந்து பள்ளிக்கூடம், குளம், அரிசி ஆலை என்று ஒரு சுற்று வந்து அதே வாசலில் இறக்கிவிட்டது. பால்வண்டியும் அப்படியே, கடன் வாங்கிய சைக்கிளும் அப்படியே. அந்த ஊரில் யாரும் அவருக்குக் கையசைக்கவில்லை. பகலிலும் ஓசையே இல்லாத தெருவைப் பார்த்துக்கொண்டு, ஆப்பசைத்த குரங்காக மாட்டிக்கொண்டோம் என்று வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். இழுத்தது பணிமனை மண் இல்லை, டப்பாவோடு மனைவி நிற்கிற இடம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனைவிக்கு அது முதல்நாள் பேருந்து வாசலில் நின்றபோதே உறைத்திருந்தது.

“இந்த ஊர் பிடிக்கலைன்னா சொல்லுங்க” என்றார் மனைவி. “நான் திரும்பப் போய் அங்கயே நிக்கிறேன்.”

சொன்னால் செய்துவிடுவார். ஒரு வார்த்தை போதும். பணிமனை, டீக்கடை, சிக்னல் எல்லாம் திரும்பக் கிடைக்கும். அந்த நாலு மாடியும் கிடைக்கும். அவர் மனைவியின் காலைப் பார்த்தார். விரலிடுக்கில் ஈரமண் ஒட்டியிருந்தது. இப்படி ஒரு பூட்டை எந்த ஊரும் அவருக்குப் போட்டதில்லை. பிறகு மனைவி கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டு, “சாப்பாடு ஆறுது, உள்ள வா” என்றார்.

அடுத்த வருஷம் போக்குவரத்துக் கழகம் அந்த வாசலில் ஒரு நிறுத்தப் பலகை நட்டது. நகரத்து ஏக்கம் தாங்காத நாட்களில் வட்டம் ஏதாவது ஒரு வண்டியில் ஏறி, குளம்வரை போய் ஒரு சுற்று வந்து, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக இறங்கிக்கொள்வார்.