நாய் இல்லாத வீடு

உள்ளறைக் கதவை நாய் பிறாண்டிக்கொண்டே இருந்தது. மகள் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தும் அந்தச் சத்தம் அடங்கவில்லை. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் நாற்காலி போட்டு, வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"அவருக்குக் கேட்டுடப் போகுது. அந்த ரேடியோவையாவது உள்ள வை," என்று அம்மா காதைக் கடித்தாள்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் செத்துக் கிடக்கிறார், இப்போதும் இதே நாடகமா?

நாய் வளர்க்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் குடிவைக்கும்போதே போட்ட கண்டிஷன். தையல்காரரான அப்பா, கடை வாசலில் ஒதுங்கிய குட்டியைச் சட்டைக்குள் மறைத்துத் தூக்கி வந்துவிட்டார். அதற்குத் துரை என்று பெயர் வைத்து, "துரை சாப்டாச்சா?" என்று பவ்யமாக விசாரிப்பார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் வீட்டில் ஒரே பதில்தான். நாயா? எங்க வீட்லயா? இல்லையே!

துரைக்கு உடம்பெல்லாம் உண்ணி. பிடரியில் விடச் சொல்லி மகள் வாங்கி அனுப்பிய சொட்டு மருந்தை அப்பா பிரிக்கவே இல்லை. "விஷத்தப் போய் புள்ள மேல ஊத்துவாங்களா?" என்பார். நூல் பிசிறு எடுப்பதுபோல உண்ணிகளை வெறும் விரலால் பிடுங்கி, கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்குவார். அதில் பெருமை வேறு.

காய்ச்சல் என்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மகள் வெளியூரில் இருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் அப்பாவின் உள்ளங்கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள், நினைவும் தப்பியிருந்தது. "துரைக்கு யாரும்மா சோறு வைக்கிறா?" என்று அவள் கேட்டது டாக்டர் காதில் விழுந்தது.

"நாய் இருக்கா? சேர்த்த அன்னிக்கே கேட்டேனேம்மா, இல்லைன்னீங்களே!"

அம்மா தரையைப் பார்த்தாள்.

"உண்ணிக் காய்ச்சலா இருக்கும்னு அப்பவே வேற மருந்து போட்டிருப்பேன்," என்றார் டாக்டர். உடனே மருந்தை மாற்றினார். அதற்குள் சிறுநீரகம் கைவிட்டிருந்தது.

எல்லாம் முடிந்து வீட்டுக்காரரும் கிளம்பிப் போகும்வரை மகள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இன்று கேட்டே விடுவது. இந்த வீடு போனால் வேறு வீடு கிடைக்காதா? அப்பா கிடைப்பாரா? உள்ளறைக் கதவை அவள் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதியது.

அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் துரை தலை வைத்திருந்தது.

"டாக்டர் கேட்டதும் இல்லைன்னு வாய் தானா சொல்லிடுச்சுடி," என்றாள் அம்மா, நிமிராமல்.

அவள் விரல்கள் நாயின் காது மடலைப் புரட்டி எதையோ பிடுங்கின. கொழுத்த உண்ணி. அதைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்தாள்.

மகள் அந்தக் கையில் ஓங்கி அடித்தாள். உண்ணி எங்கோ தெறித்தது. நாய் மூலைக்கு ஓடிப் பதுங்கியது.

"அறிவிருக்கா உனக்கு? நீயும் போய்ச் சேரணுமா?"

மகள் அவளைத் தரதரவென்று அடுப்படிக்கு இழுத்துப்போய், கையைத் தொட்டிக்குள் பிடித்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்தாள். அம்மாவுக்கு வலித்திருக்கும். நுரையெல்லாம் போன பிறகும் மகள் அந்தக் கையை விடவில்லை. மறுபடியும் சோப்பை எடுத்தாள்.