இடப்பக்கப் பந்தி

என் மனைவி பரிமளா இறந்து நாற்பது நாள் கழித்து அன்புச்செல்வி ஒரு லிங்க் அனுப்பினாள். பரிமளாவோடு வேலை பார்த்தவள். திண்டிவனத்தில் நடந்த தன் கல்யாணத்தின் நேரலைப் பதிவு அது. சாப்பாட்டுப் பந்தியில் பரிமளா ஒன்பது விநாடி வருவாள், பாருங்கள் அண்ணா என்று எழுதியிருந்தாள்.

பார்த்தேன். பரிமளா சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த நீலச் சட்டைக்காரன் தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவள் இலையில் வைத்தான். அவள் மறுக்கவில்லை. அன்று கண்டாச்சிபுரத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போவதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

அவன் யாரென்று அன்புச்செல்வியிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்த ஒன்பது விநாடியைப் போனில் பதிந்துகொண்டு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன்.

நேரலை எடுத்த இருதயமேரி திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். இறந்துபோன என் மனைவியின் முகத்தை மறைக்க வேண்டும் என்றேன். அது சாக்கு. அவர் உடனே கம்ப்யூட்டரைத் திறந்தார். தப்பு தன்னுடையதுதான் என்றார். மண்டபத்தில் ஒரு போர்டு வைப்பது அவர் வழக்கமாம்: நேரலையில் தெரிய விரும்பாதவர்கள் இடப்பக்கப் பந்தியில் உட்காரலாம். அந்தப் பக்கம் கேமரா திரும்பாது. அன்று சாம்பார் வாளியோடு வந்தவர் இடித்ததில் திரும்பிவிட்டது.

பரிமளா இடப்பக்கப் பந்தியில் இருந்தாள். எங்கள் கல்யாணத்தில் வாயில் சோற்றோடு கேமராவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தவள்.

"பக்கத்துல இருக்கறவரு யாரு?"

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

"நான் அவ புருஷன்."

"அதனாலதான் நீங்க கேட்டதும் அவங்க மூஞ்சிய மறைக்கறேன். அவரும் அந்த வரிசையிலதான் உக்காந்துகினு இருந்தாரு. அவரையும் மறைக்கணும்."

"யார் பாக்கக்கூடாதுன்னு அங்க உக்காந்தாங்க?"

"அத நான் யாரையும் கேக்கறதில்ல சார். கேட்டா அப்புறம் போர்டு எதுக்கு?"

திரையில் இரண்டு முகங்களும் கலங்கின. இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருந்தன. ஜாங்கிரி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பழைய பதிவை என் கண் முன்னாலேயே அழித்தார்.

"உங்க போன்ல இருந்தா அதையும் எடுத்துடுங்க சார்."

இல்லை என்றேன்.

பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டியதும் போனை எடுத்து அந்த ஒன்பது விநாடியை ஓட்டி, நடுவில் நிறுத்தினேன். நீலச் சட்டையின் மேல் கட்டைவிரலை வைத்தேன். பரிமளா என் விரலைப் பார்த்துச் சிரித்தாள்.

விக்கிரவாண்டி வரை விரலை எடுக்கவில்லை.