நான்கு டிகிரியில் பால்

குழந்தை பிறந்து பதினோரு நாளில், பார்சல் வண்டி ஓட்டும் அந்த மனிதனுக்குத் தூக்கம் என்பதே மறந்துபோயிருந்தது. இரண்டு மாதம் முந்திப் பிறந்த மகள், எண்பது கிலோமீட்டர் தள்ளிப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். தையலில் சீழ் வைத்துவிட்டதால் மனைவி ஊர் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கை. அவள் பீய்ச்சிக் கொடுக்கும் தாய்ப்பாலை மாலை ஐந்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவன் பொறுப்பு. வழியெல்லாம் பார்சலும் இறக்க வேண்டும்.

மைத்துனன் ஒரு சின்ன ஃப்ரிட்ஜைக் கொடுத்திருந்தான். வண்டி பேட்டரியில் ஓடுவது. அதை மாட்டிக்கொடுத்த எலெக்ட்ரீஷியன் அப்போதே படித்துப் படித்துச் சொன்னார்.

“இஞ்சின் நின்னா பிளக்கைப் பிடுங்கிடுங்க. மூடியைத் திறக்காம இருந்தா ரெண்டு மணி நேரம் குளிர் அப்படியே நிக்கும். பேட்டரி இறங்கினா, வண்டி கிளம்ப மிச்சம் இருக்கட்டும்னு ஃப்ரிட்ஜ் தானா அணையுற மாதிரி வெச்சிருக்கேன். அதுல மட்டும் கை வெக்காதீங்க. தனியா இன்னொரு பேட்டரி போட்டுட்டா இந்தத் தலைவலியே இல்ல.”

இன்னொரு பேட்டரி கேட்டதற்கு சூப்பர்வைசர், “வண்டி பார்சலுக்குய்யா, பாலுக்கு இல்ல” என்றார். பிள்ளை பெற்ற மனிதர் பேசுகிற பேச்சா அது! இஞ்சினைச் சும்மா ஓடவிடலாம் என்றால், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆபீசிலிருந்து போன் வந்துவிடும்.

எலெக்ட்ரீஷியன் சொன்னது இவன் காதில் ஏறியது, மனதில் ஏறவில்லை. பால் கெட்டுவிடுமோ என்று பிளக்கைப் பிடுங்கவே மாட்டான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூடியைத் திறந்து பாட்டில்களைத் தொட்டுப் பார்ப்பான். திறக்கத் திறக்க குளிர் வெளியே போகும். அதை ஈடுகட்ட ஃப்ரிட்ஜ் மூச்சுவிடாமல் உறுமும். நேற்று அது ஒருமுறை தானாக அணைந்தது. இவனுக்கு உயிரே போய்விட்டது. இனி அணையவே கூடாதென்று அந்த செட்டிங்கைக் கடைசிவரை இறக்கிவிட்டான், புத்திசாலி.

இன்று ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர் சாப்பிடப் போனவர் ஆற அமர ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து கையெழுத்துப் போட்டார். அதற்குள் நான்கு முறை மூடியைத் திறந்தாகிவிட்டது. சாவியைத் திருப்பினான். ‘டிக்’ என்றது. மறுபடி திருப்பினான். அதுவும் இல்லை.

வாட்ச்மேனும் இவனும் நாக்குத் தள்ளத் தள்ளினார்கள். வண்டி அசைந்ததே தவிர இஞ்சின் மசியவில்லை. பக்கத்தில் நின்ற லாரிக்காரரிடம், அவர் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கரண்ட் கேட்டான்.

“என் லாரி இருபத்துநாலு வோல்ட்டு, தம்பி. உன் வண்டிக்குக் குடுத்தா எல்லாம் எரிஞ்சு போயிடும்.”

மணி மூன்றேகால். ஆஸ்பத்திரியில் நேற்றைய பால் ஐந்து மணியோடு தீர்ந்துவிடும். கம்பெனி வண்டியையும் இருபத்தாறு பார்சலையும் நடுவழியில் விட்டுப் போனால் வேலை போகும். போகட்டும் என்று சொல்கிற தைரியமெல்லாம் அவனுக்கு இல்லை, பயந்துகொண்டேதான் போனான். சாவியை வாட்ச்மேன் கையில் திணித்துவிட்டு, ஃப்ரிட்ஜைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். உட்கார இடமில்லை. பாவம் பார்த்து ஒரு அம்மா தன் பையை நகர்த்தி ஃப்ரிட்ஜுக்கு இடம் கொடுத்தார். வழி நெடுக மூடியைத் தொடவில்லை. கை பரபரத்தது, அடக்கிக்கொண்டான்.

நாலே முக்காலுக்கு வார்டு வாசலில் நர்ஸ் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தார்.

“நாலு டிகிரி. நல்லா இருக்கு.”

கரண்டே இல்லாமல் ஒன்றரை மணி நேரம் வந்த பெட்டி. இதைத்தான் எலெக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். இவனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தான். மூக்கில் மாட்டிய குழாயில் பால் மெல்ல இறங்கியது. மகள் உறங்கிக்கொண்டே உதட்டைச் சப்பினாள். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சூப்பர்வைசர். ஏழாவது முறை.

நர்ஸ் குறிப்பேட்டில் எழுதியபடி சொன்னார்: “நாளையிலிருந்து பால் கூட்டுறோம். எடை ஏறுது. இதே நேரத்துக்குக் கொண்டு வந்துடுவீங்கல்ல?”

“வந்துடுவேன், சிஸ்டர்” என்றான். எதில் வருவது என்று அவனுக்குத் தெரியவில்லை.