அச்சடித்த பதில்

நடேசன் சார் என் முன்னால் தள்ளிய தாளில் ‘ஏன்?’ என்று ஐந்து முறை அச்சடித்திருந்தது. எங்கள் கம்பெனியில் எது கெட்டாலும் இதை நிரப்ப வேண்டும். ஐந்தாவது ஏனுக்குக் கீழே மட்டும் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று பதிலையும் அச்சடித்து, டிக் போடக் கட்டம் விட்டிருந்தார்கள். இவ்வளவு கருணையான வினாத்தாளைத் தண்டலம் காலேஜில் எந்த செமஸ்டரிலும் நான் பார்த்ததில்லை. கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். அதனால் எழுதும் வேலை பயிற்சிக்கு வந்த எனக்கு.

ஒரகடத்தில் எங்கள் வேலை, கார் ஒயர்களின் உறைமேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, அது சூட்டில் உருகாதபடி இறுக்குவது. நேற்று மதியம் கற்றை பருத்துப்போய், அது ஓடும் வெற்றிடக் குழாயின் சுவரைச் சுட்டது. வெற்றிடம் போய் லைன் நின்றது. மெஷினில் நின்றவர் பேச்சிராஜ் அண்ணன். ஊர் சங்கரன்கோவில் பக்கம், நாலு வருஷமாகக் கான்ட்ராக்ட்.

“கையெழுத்து போட்டா வார்னிங்கோட போய்டும். இல்லன்னா பெர்மனென்ட் லிஸ்ட்ல பேரு இருக்காது,” என்றார் சார் அவரிடம்.

“டிக்கப் போட்டுருடே டெனிசா. வம்பு வேண்டாம்,” என்றார் அண்ணன், நின்றபடியே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் ஏனிலிருந்து எழுதினேன். வெற்றிடம் ஏன் போனது? கற்றை சுவரில் பட்டது. ஏன் பட்டது? பருத்தது. ஏன் பருத்தது? எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே மின்னூட்டம். நெருக்கி அடைத்தால் ஒன்றையொன்று தள்ளும். அதிலும் புறப்படுகிற இடத்தில், வேகம் பிடிக்கும் முன்னால்தான் தள்ளு அதிகம். கரன்ட்டை ஏற்றினால், கற்றையைக் குவிக்கும் காந்தக் காயிலையும் திரும்ப செட் பண்ண வேண்டும்.

சார் எட்டிப் படித்தார். “இன்னாபா, எலக்ட்ரான் மேல கேஸ் போடறியா?”

“வசதி சார். அதுக்கு யூனியன் கிடையாது.”

சார் சிரிக்கவில்லை. “உன் சர்ட்டிபிகேட்ல சைன் போடப்போறது நான்தான், ஞாபகம் வெச்சிக்க. எழுது: காயில செட் பண்ணணும்னே இவனுக்குத் தெரியல. கரன்ட்ட மட்டும் ஏத்திகினே இருந்துகிறான். அவ்ளோதான் ரூட் காஸ்.”

நேற்று போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, “காயில திரும்ப செட் பண்ண ரெண்டு மணி நேரம் ஆவும் சார்,” என்று அண்ணன் கெஞ்சியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். “டைம் இல்லபா, கரன்ட்ட ஏத்து,” என்ற குரல் இதே குரல்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. சாருக்கு எதிரே, கஸ்டமர் வந்தால் உட்காருவதற்கென்று பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் ஒரு நாற்காலி கிடந்தது. அதை இழுத்தார்.

“தெரியலன்னு மட்டும் எழுதாதடே,” என்றார். “நாலாவது ஏன்ல போடு. நேத்து பன்னெண்டு நாப்பது. காயில செட் பண்ணணும்னு பேச்சிராஜ் சொன்னான். வேண்டாம்னது யாருன்னும் போடு.”

பிறகு உட்கார்ந்தார். பாலிதீன் சடசடவென்று சத்தம் போட்டது. அவர் நிதானமாக நகர்ந்து, முதுகு சாய்கிற வரைக்கும் போட்டது.