ஆடு படுத்த இடம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போனில் அக்கா சிரித்த சிரிப்பிலிருந்து திருடினேன். ட்ரோன் எடுத்த வெப்பப் படங்களைத் திரையில் பார்த்து, கண்ணிவெடி புதைந்த இடங்களைக் குறிப்பது அவள் வேலை. பொழுது சாய்ந்ததும் மண் ஒரு வேகத்தில் ஆறும், வெடி புதைந்த இடம் வேறு வேகத்தில் ஆறும். அந்த வித்தியாசம் படத்தில் புள்ளியாகத் தெரியும். அவள் புள்ளி வைத்த இடத்தில் மண்டியிட்டுத் தோண்டுவது அவள் கணவர், என் அத்தான்.

(நல்ல ஜோடிப் பொருத்தம், போங்கள்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: “இருள் கவிந்த அந்த மரண பூமியில்...”

சீ! அடித்துவிட்டேன். அது மரண பூமியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அக்காவும் அத்தானும் வீடு கட்ட வாங்கிப் போட்ட நிலம். போர் வந்து ஊரைவிட்டு ஓடியதிலிருந்து வாடகை அறையில் கிடக்கிறார்கள். இப்போது இருவரும் வெடி அகற்றிக்கொண்டிருப்பது அந்த நிலத்தில்தான்.

3

போன வாரம் அக்கா அங்கே ஒரு புள்ளி வைத்தாள். அத்தான் பாதி நாள் வேர்க்க விறுவிறுக்கச் சுரண்டினார். ஒன்றுமில்லை.

[அடிக்குறிப்பு: வேலி தாண்டி வந்த ஓர் ஆடு, ட்ரோன் பறப்பதற்குச் சற்று முன்புவரை அங்கே சொகுசாகப் படுத்திருந்தது. அதன் சூடு மண்ணில் தங்கிவிட்டது.]

“ஆட்டுப் புழுக்கைதான் கிடைச்சுது. கண்ணைக் கழுவிட்டு வேலைக்குப் போடி!”

“சந்தேகம்னா வெடின்னுதான் வைப்பேன். தோண்டுறது உங்க கையாச்சே. ஆடா இருந்தா சிரிச்சுக்கலாம்.”

அத்தான் அடுத்த புள்ளியைத் தோண்டப் போய்விட்டாராம். இதைச் சொல்லிவிட்டுத்தான் அக்கா சிரித்தாள். போனை வைத்ததும் நான் எழுத உட்கார்ந்தேன்.

4

பத்திரிகை ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. “கதையில கண்ணிவெடி வந்தா வெடிச்சே ஆகணும் சார். இல்லன்னா எவன் படிப்பான்?”

எழுதிப் பார்த்தேன். வெடி அகற்றிய நிலத்தை உரியவர்களிடம் ஒப்படைக்கும் நாளில், ஆபத்தில்லை என்று சொன்னவர்களே முதலில் அதில் நடந்து காட்டுவது இந்த வேலையில் வழக்கம். “அக்கா இறங்கினாள். அடி எடுத்து வைத்ததும்...”

கை ஓடவில்லை. அக்காவிடமே சொன்னேன்.

“அடப்பாவி! வெடிக்கக் கூடாதுன்னுதானேடா நாங்க மாடா உழைக்கிறோம். நீ பேனாவால புதைக்கிறியா?”

5

நாளைக் காலை ஒப்படைப்பு. இத்தனை காலம் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்த அக்கா, முதல்முறையாக நடக்கப்போகிறாள்.

“புள்ளி வச்ச இடமெல்லாம் உங்க அத்தான் தோண்டிட்டாரு. நான் வைக்காத இடம்தான்டா பயமா இருக்கு.”

“நானும் கூட வர்றேன்க்கா.”

“வா. வந்து வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்னு சொல்லு.”

கிளம்புகிறேன். கடைசி வரியை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். மழை எழுதுங்கள், வாசல் எழுதுங்கள், ஆட்டைக்கூடக் கூட்டி வாருங்கள். ஆனால் எதையும் புதைத்து மட்டும் வைக்காதீர்கள். என் அக்கா அதில் நடக்கப்போகிறாள்.