ஒரு நாணல் மட்டும்

காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவர் அந்தச் சலூன்காரர். விடுமுறை நாளில் அவர் ஏரிக்கரையில் ஒரு கூடாரத்துக்குள் அசையாமல் உட்கார்ந்து பறவைகளைப் படம் எடுக்கிறார் என்றால், தெரிந்தவர்கள் யாரும் நம்புவதில்லை. கூடவே வருகிற மனைவியும் முழுசாக நம்புவதில்லை.

அதற்கு ஒரு முறை உண்டு. விடியும்போதே இருவரும் கூடாரத்துக்குள் போவார்கள். சற்று நேரம் கழித்து மனைவி மட்டும் வெளியே வந்து, பறவைகள் பார்க்கும்படி கையை வீசிக்கொண்டு மருந்துக்கடை வேலைக்குப் போவாள். வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று பறவைகள் நம்பிவிடும். அவற்றுக்குக் கணக்கு வராது.

வசந்தம் தொடங்கி நான்கு வாரம். நாணலுக்குள் முக்குளிப்பான் என்கிற நீர்ப்பறவை ஒன்று மிதக்கும் கூடு கட்டி நான்கு முட்டை இட்டிருந்தது. குஞ்சு பொரிந்ததும் தாயின் முதுகில் ஏறி உட்காரும். அந்த ஒரு படம் கிடைக்கும்வரை அவருக்குச் சாப்பாடு இறங்காது, தூக்கம் பிடிக்காது.

"நாணலை நூலால கட்டி ஒதுக்குங்க, கிளம்பும்போது அவுத்து விட்டுடுங்க. வெட்ட மட்டும் கூடாது," என்று மனைவி அன்றும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஒரே ஒரு நாணல், சரியாகப் பறவையின் கண்ணுக்குக் குறுக்கே ஆடிக்கொண்டிருந்தது. பறவை முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டு இரை தேடப் போன சமயம் பார்த்து, இறங்கிப் போய்க் கட்டினார். நழுவியது. மறுபடி கட்டினார். மறுபடி நழுவியது. சட்டைப்பையில் கத்தரிக்கோல் இருந்தது. அது இல்லாமல் அவர் எங்கேயும் கிளம்ப மாட்டார். அந்த ஒன்றை மட்டும் நறுக்கினார்.

அதோடு விட்டிருக்கலாம். தள்ளி நின்று பார்த்தால் இடப்பக்கம் அடர்த்தியாகத் தெரிந்தது. இருபது வருஷத்துப் பழக்கம், கை சும்மா இருக்குமா? இடப்பக்கம் கொஞ்சம் குறைத்தார். உடனே வலப்பக்கம் தூக்கலாகிவிட்டது. அதையும் குறைத்தார். ஒருவழியாகச் சரிசமமாக்கி நிமிர்ந்தபோது, கூட்டுக்கு முன்னால் கதவளவு வெட்டவெளி. தலைமுடி என்றால் அடுத்த மாதம் வளர்ந்துவிடும்.

அவர் கூடாரத்துக்குள் நுழைவதற்குள் காகம் பார்த்துவிட்டது. இறங்கிப் பாசியைக் கிளறி, ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு கரையோரக் கம்பத்தில் போய் உட்கார்ந்தது. சலூன்காரர் கத்திக்கொண்டே தண்ணீரில் இறங்கி ஓடினார். "பாவி, பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கூட்டருகே நின்றால் தாய் வரவில்லை, முட்டைகள் குளிர்ந்துவிடும். பின்வாங்கினால் காகம் இறக்கையை விரித்தது. நாலு அடி முன்னே போனார், மூன்று அடி பின்னே வந்தார், அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் வந்தார். கடைசியில், வெட்டின இடைவெளிக்கு நேராக ஓர் இடம் அகப்பட்டது. அங்கே நின்றால் காகம் கம்பத்தை விட்டு இறங்கவில்லை; முக்குளிப்பானும் பயந்து பயந்து கூட்டில் ஏறியது. ஓர் அடி நகர்ந்தால் எல்லாம் கெட்டது. முழங்கால் தண்ணீரில் நின்றார். மூக்கு அரித்தது. சொறியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மனைவி வந்தாள். மிதந்துகொண்டிருந்த நாணல்களைப் பார்த்தாள்.

"யாருக்குங்க இவ்வளவு ஒட்ட வெட்டினீங்க?"

"ஒண்ணு போச்சு. மூணு இருக்கு," என்றார் திரும்பாமலே.

திட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். "நாளைக்குக் கடை?"

"எல்லாரும் ஒரு நாள் முடி வளக்கட்டும்."

இருட்டி, காகம் கூடு திரும்பும்வரை நின்றார். மறுநாளும் வந்து நின்றார். அன்று பதினொரு மணிக்கு முட்டை ஒன்று பிளந்தது. சாயங்காலம் அந்தக் குஞ்சு தள்ளாடித் தள்ளாடித் தாயின் முதுகில் ஏறியது. கரையில் நின்ற மனைவி கேமராவை நீட்டிக் கிசுகிசுத்தாள்.

"ஏறுதுங்க, ஏறுது! எடுங்க!"

"கையைத் தூக்கினா ஓடிடும். நீயே எடு."

"எனக்கு எதை அமுக்கணும்னே தெரியாதே."

"எதையாவது அமுக்கு."

வீட்டுக்கு வந்து கால்கூடக் கழுவாமல் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டார். திரை முழுக்க அவர் முதுகு, நனைந்த கால்சட்டை, கொஞ்சம் தண்ணீர். பெரிதாக்கிப் பார்த்தார். ஓரம் ஓரமாகத் தேடினார்.

"பறவை எங்க?"

"உங்க முதுகுக்கு அந்தப் பக்கம்," என்றாள் மனைவி. "வெளிய தெரியக் கூடாதுன்னுதானே ரெண்டு நாளா அங்க நின்னீங்க?"