அம்சாவுக்குப் பட்டு

இசைவாணி அம்மாவின் கழுத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். லேப்டாப் திரையில், தாடைக்குக் கீழே சட்டைக் காலர் தொடங்கும் இடத்தில் மவுஸ் மெல்ல நகர்ந்தது. அவள் உட்கார்ந்திருந்தது அடுத்த வீட்டுக் கட்டிலில். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாள். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவள், ஆட்டோ கோலியனூரைத் தாண்டி விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டாள். தெருவில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

திண்டிவனத்தில் இசைவாணி வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடையில் இது தினப்படி வேலை. செத்தவர்களின் போட்டோவைக் கொண்டுவருவார்கள். லுங்கியோடு இருப்பது, நைட்டியோடு இருப்பது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு இருப்பது. முகத்தை மட்டும் எடுத்து, கம்ப்யூட்டரில் கிடக்கும் நல்ல உடம்பு ஒன்றில் ஒட்ட வேண்டும். ஆண்களுக்குக் கோட்டு சூட்டு, பெண்களுக்குப் பட்டும் நகையும். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: கிராண்டா இருக்கணும். ஆயுசு முழுக்கக் கிழிந்த பாயில் கிடந்தவரும் பேனரில் கல்யாண மாப்பிள்ளை ஆகிவிடுவார். இசைவாணி அதைப் பார்த்துச் சிரித்ததும் உண்டு. இன்று அவளுக்குக் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. வெட்டுவாள், அழிப்பாள், எழுந்து வாசல்வரை போவாள், யாராவது கட்டிப்பிடித்து அழ வருவதற்குள் திரும்ப ஓடிவந்து உட்காருவாள்.

அம்மா அம்சாவுக்கு உருப்படியான போட்டோ ஒன்றுதான் இருந்தது. கழனியில் மல்லாட்டைச் செடி பிடுங்கும்போது இசைவாணியே போனில் எடுத்தது. புடவைக்கு மேல் மகனுடைய பழைய கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, வெற்றிலைக் கறை தெரிய ஒரு சிரிப்பு. வெயிலுக்காகக் கழனிக்குப் போகிற பெண்கள் எல்லாரும் போடுகிற சட்டைதான். அம்சாவோ கடைத்தெருவுக்குப் போனாலும் அதைக் கழற்ற மாட்டாள். “பாக்கெட்டு இருக்குதில்ல” என்பாள்.

அண்ணன் அறிவுச்செல்வன் உள்ளே வந்தான். “இன்னும் முடிக்கலியா? வல்லரசு போன் மேல போன் போட்டுக்கினு இருக்கறான்.” வல்லரசு கடையில் மிஷின் ஓட்டுகிறவன்.

“அண்ணா, சட்டையோடவே போட்டுடலாமா? இதான் அம்மா.”

அறிவு திரையைப் பார்த்தான். “வெளையாடறியா? செத்தும் அது கூலிக்காரியாவே நிக்கணுமா? பஸ் ஸ்டாப்புல வெக்கப் போறோம். ஊரே பாக்கும்.”

“பட்டு கட்டினா அம்மா மாறியே இல்லண்ணா. யாரோ மாறி இருக்குது.”

“அம்மா மாறி இருக்க வேணாம். நல்லா இருந்தா போதும். ஊருக்கெல்லாம் செஞ்சி குடுக்கற, பெத்தவளுக்கு ஒரு பொடவ கட்ட மாட்டியா?”

அவன் சொன்னதில் பொய்யில்லை. அதனால்தான் எரிச்சலாக இருந்தது. வாசலில் அப்பா தாண்டவராயன் யாரையோ தேடுகிறவர் மாதிரி வந்து நின்றார்.

“நீ சொல்லுப்பா. சட்டையா, பட்டா?”

“எனுக்கு இன்னாம்மா தெரியும்? ஜல்தி எதுனா பண்ணுங்க. பொழுது போறதுக்குள்ள எடுக்கணும்ன்றாங்க.” சொல்லிவிட்டு அவர் திரையைப் பார்க்காமலே போய்விட்டார்.

இசைவாணி பட்டுப் புடவை உடம்புகளைத் திறந்தாள். பச்சைப் பட்டில் அம்மா வட்டிக்கடைக்காரி போல் இருந்தாள். நீலம் கல்யாண வீட்டுச் சம்பந்தி. மஞ்சளில் கொலுவுக்குப் போகிறவள். போட்டுப் போட்டு அவிழ்த்ததில் அவளுக்கே தலை சுற்றியது. கடைசியில் அரக்குப் பட்டு ஒன்று, மார்பில் கல் வைத்த ஆரம், மடியில் மடித்து வைத்த வெள்ளைக் கைகள். முகம் கச்சிதமாக உட்கார்ந்தது. அழகாகத்தான் இருந்தாள். பல்லை வெளுக்கலாமா என்று யோசித்து, அதற்கு மட்டும் மனசு வராமல் விட்டாள்.

போன் அடித்தது. வல்லரசுதான். “க்கா, பிரிண்ட்டுக்கு ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க. இப்ப அனுப்பினா ஒன்னுத மொதல்ல ஓட்டி, நானே எடுத்துக்கினு வந்துடறேன்.”

அனுப்பினாள். அனுப்பியதும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் வல்லரசு பைக்கில் வந்து பஸ் ஸ்டாப்பில் பேனரைக் கட்டினான். வீட்டில் உட்கார முடியாமல் இசைவாணி நடந்தாள். “எங்கடி போற, பொணத்த வுட்டுட்டு?” என்று சின்னம்மா கெங்கம்மாள் பின்னால் கத்தியது காதில் விழுந்தது. ரோட்டோரத்தில் அம்மா ஆளுயரத்துக்கு மேல் உயர்ந்து தெரிந்தாள். கண்ணீர் அஞ்சலி. அறிவு கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு நிம்மதி.

இசைவாணி ரோட்டின் எதிர்ப்பக்கம் பார்த்தாள். அங்கேயும் ஒரு பேனர். போன மாதம் இறந்த கிருஷ்ணவேணியம்மாள். அதே அரக்குப் பட்டு, அதே ஆரம், அதே கைகள். எத்தனையோ பேருக்குக் கட்டிவிட்ட புடவை, யாருக்கெல்லாம் என்று அவளுக்கு நினைவிருப்பதில்லை. பேனர் வந்த அன்று பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மா சொன்னது இப்போதுதான் ஞாபகம் வந்தது. “அந்தம்மா குச்சி மாறி இருக்கும். அதுக்கு ஏதுடி இவ்ளோ தோளு?”

கிருஷ்ணவேணியம்மாளின் கழனியில்தான் அம்சா இத்தனை வருஷம் களை எடுத்தாள். அந்த அம்மாளின் மகன் சீனுவாசனின் டிராக்டரைத்தான் அறிவு ஓட்டுகிறான். அந்தச் சீனுவாசன் கையில் மாலையோடு, கூட ஒரு ஆளோடு, பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார். ஊர்க்காரர்களின் மாலை அதுவரைக்கும்தான் வரும். அங்கிருந்து காலனி ஆள் யாராவது வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

“அறிவு, இன்னாடா இது?”

“அண்ணே...”

“எங்கம்மா பொடவ, எங்கம்மா ஆரம். ஒரு மடிப்பு கூட மாறல. களையெடுத்தவளும் அவங்களும் ஒண்ணா? பாக்கறவன் இன்னா பேசுவான்?”

அறிவின் தோள் இறங்கியது. “தெரியாம நடந்துபோச்சிண்ணே. கழட்டிடறேன்.” வல்லரசைப் பார்த்துக் கையசைத்தான். அவன் கம்பத்தில் ஏறக் காலை வைத்தான்.

“கழட்டாத,” என்றாள் இசைவாணி.

காலையில் இதே பட்டு வேண்டாம் என்று மல்லுக்கு நின்றவள் அவள்தான். இப்போது அதன் மேல் யாராவது கை வைத்தால் கடித்துவிடுவாள் போல் இருந்தது.

“அது யாரு பொடவையும் இல்லீங்க. கம்ப்யூட்டர்ல கெடக்கற படம். ஒங்க அம்மாவுக்கும் நான்தான் கட்டினேன்.”

“அதுக்காக?”

“எம்பின்னாடி நின்னு நீங்கதான் சொன்னீங்க. ‘அம்மாவுக்கு ஆரம்னா ஆச, கடைசிவரைக்கும் வாங்கித் தரல, பெருசா ஒண்ணு போடும்மா’ன்னு. போட்டதும் அழுதீங்க. அதே ஆச எங்களுக்கும் இருக்காதா?”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேறெங்கோ பார்ப்பது போல் இங்கேயே பார்த்தார்கள். சீனுவாசன் குரலைத் தாழ்த்தினார். “அத்தப்போயி எல்லார் எதிர்லயும் சொல்றியேம்மா.”

சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்க மனமில்லை. அவர் மாலையை அறிவிடம் நீட்டினார். பிறகு தன் ஆளிடம் திரும்பி, “நம்முளுத எறக்கிடு,” என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

“எம்பொழப்புல மண்ண போட்டியேடி,” என்றான் அறிவு.

“அம்மா நல்லா இருந்தா போதும்னு நீதானண்ணா சொன்ன?”

அவன் மாலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான். பேனரைத் திரும்பிப் பார்த்தானா என்று அவள் கவனித்தாள். பார்த்தான்.

வெயில் தாழ்ந்தபோது எடுத்தார்கள். பெண்கள் பஸ் ஸ்டாப்போடு நின்றுவிட வேண்டும். பாடை அம்சாவின் பேனரைத் தாண்டியது. அப்பா கொள்ளிச்சட்டிக்குப் பின்னால் குனிந்த தலையோடு போனார். எதிர்ப்பக்கம் ஏணி போட்டிருந்தார்கள். அதன் மேல் நின்ற ஆள் பிணம் கடக்கும்வரை கத்தியைக் கையிலேயே வைத்திருந்து, பிறகு ஒரு பக்கக் கயிற்றை அறுத்தான். பேனர் சரிந்தது. கிருஷ்ணவேணியம்மாளின் முகம் உள்ளே மடிந்துகொண்டது. அரக்குப் பட்டும் ஆரமும், யாருடையதென்று தெரியாத அந்த வெள்ளைக் கைகளும் மட்டும் சற்று நேரம் தொங்கின.

இசைவாணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னம்மா வந்து தோளைத் தொட்டாள்.

“வாடி, வூட்டக் கழுவணும்.”